மாமா சொல்லும் உப்பு

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு பற்றவைத்தே குடும்பத்தைக் காப்பாற்றிய என் தாய்மாமாவுக்கு இப்போது 62 வயது; வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வருகிறார். நோயைப் பற்றி யார் கேட்டாலும், "உப்பு ஏறிருச்சுப்பா" என்பதுதான் அவருடைய பதில். சேலத்தில் சிறுநீரக நோயாளிகள் பலரும் இரத்தத்தில் தேங்கும் கழிவுகளான யூரியாவையும் கிரியேட்டினினையும் அப்படித்தான் சொல்கிறார்கள். கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிக்கும் எனக்கு அந்த ஒற்றைச் சொல் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அவருடைய கிரியேட்டினின் 1.2 இருந்தது. அறிக்கையில் உச்ச வரம்பு 1.3 என்று அச்சிட்டிருந்ததால், சர்க்கரை நோயாளியாக இருந்தும் யாரும் மேற்கொண்டு பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. மாமா போன்ற ஒல்லியான மனிதருக்கு அது குறைவாகவே உண்டாகும் என்பதால், சிறுநீரகம் பாதி பழுதடைந்த பின்னும் எண் நல்லபடியாகவே தெரியக்கூடும்.

இந்தக் குறையை ஈடுசெய்ய முயல்வதுதான் மெட்டபாலோமிக்ஸ். ஒரு துளி இரத்தத்திலோ சிறுநீரிலோ உள்ள நூற்றுக்கணக்கான சிறு மூலக்கூறுகளை (வளர்சிதைப் பொருள்களை), மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியில் ஒரே நேரத்தில் அளந்து, உடலின் வேதிவினைகள் எங்கே தடுமாறுகின்றன என்று அது பார்க்கிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர்களின் சிறுநீரில் 13 வளர்சிதைப் பொருள்கள் குறைந்திருந்தன. அவற்றில் பல, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவோடு தொடர்புள்ளவை. வடிகட்டி அடைபட்டது என்ற பழைய விளக்கத்தோடு, செல்லின் ஆற்றல் உற்பத்தியே சோர்ந்துபோகிறது என்ற விளக்கமும் சேர்ந்ததை நான் பெரிய முன்னேற்றமாகக் கருதுகிறேன்.

மாமாவின் "உப்பு" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்திருக்கும் இன்னொரு கழிவு எங்கிருந்து வருகிறது என்பதற்கும் இத்துறை விடை தருகிறது. நாம் உண்ணும் புரதத்தில் உள்ள டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் குடல் பாக்டீரியாக்கள் இண்டோலாக மாற்ற, கல்லீரல் அதை இண்டாக்சில் சல்ஃபேட்டாக்குகிறது. நல்ல சிறுநீரகம் அதை நுண்குழாய்கள் வழியே வெளியேற்றிவிடும். ஆனால் இரத்தத்தில் அதன் பெரும்பகுதி ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், யூரியாவை எளிதில் எடுத்துவிடும் டயாலிசிஸ் இயந்திரம் இதைச் சரியாக எடுப்பதில்லை.

இந்த அளவீடு எளிதில் தடம் மாறக்கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் ஏற்காட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்தவரின் சிறுநீரில் டிரைகோனெலினும் ஹிப்யூரிக் அமிலமும் கூடியிருக்கும். மாதிரியை வெயிலில் வைத்துவிட்டால் வேறு மாற்றங்களும் நேரும். உணவு, நேரம், உறைநிலைச் சேமிப்பு மூன்றையும் கவனிக்காத முடிவை நான் நம்பமாட்டேன்.

நம் தெருமுனை ஆய்வகங்களில் இந்தச் சோதனை கிடைப்பதில்லை. ஆனால் சிறுநீரகம் கெடத் தொடங்குவதைக் காட்டித்தரும், சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் பார்க்கும் வசதி இருக்கிறது. மாமா மகனுக்கும் சர்க்கரை தொடங்கிவிட்டதால், சென்ற வாரம் காலையில் முதல் சிறுநீரைப் பிடித்துவரச் சொல்லி, நானே உடன் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.