பிளஸ் மைனஸ் கிடையாது சார்

எங்கள் வீட்டு ஹால் ஃபேனுக்கு சுவிட்ச் மட்டும் போட்டால் போதாது. 'ங்ங்ங்' என்று முனகிக்கொண்டு அப்படியே நிற்கும். ஒட்டடைக்குச்சியை எடுத்து ஒரு இறக்கையை லேசாகத் தள்ளிவிட வேண்டும். அதற்கப்புறம்தான், பந்தியில் உட்கார்ந்து எழ முடியாமல் எழுகிற பெரியவர் மாதிரி, மெதுவாக நகர ஆரம்பிக்கும். இரண்டு மாதம் இப்படியே ஓட்டினோம். வீட்டுக்கு வருகிறவர்கள் டீப்பாய்க்குப் பக்கத்தில் ஒட்டடைக்குச்சி சாய்ந்திருப்பதைப் பார்த்து, 'ரொம்ப சுத்தக்காரக் குடும்பம்' என்று நினைத்திருப்பார்கள்.

ஒருநாள் என் எட்டு வயது மகன் குச்சியை எதிர்ப்பக்கமாகத் தள்ளிவிட்டான். ஃபேன் அதற்கும் சம்மதித்து, மறுபக்கமாகச் சுற்றியது. கீழே காற்றே வரவில்லை. "அப்பா, இந்தப் பக்கமும் சுத்துதுப்பா!" என்று அவனுக்கு ஒரே குஷி. நான் நாளிதழிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருக்கலாம்.

புதுக்கோட்டையிலிருந்து மாமனார் ஒரு வாரம் தங்க வருவதாகச் சொன்னதும் மனைவி கறாராகிவிட்டாள். மே மாதம், அக்னி நட்சத்திரம், திருச்சி வெயில். "எங்கப்பா குச்சி வச்சு ஃபேன் சுத்தணுமா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. 250 ரூபா கேப்பாரு, அவ்வளவுதானே?"

அவ்வளவுதானே என்ற சொல் எனக்குப் பிடிக்காது. மச்சான் ஃபோனில் வேறு வழி சொன்னார். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்ற புதுவகை ஃபேன் 30 வாட்டில் சுற்றும், நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் மாதம் 20 யூனிட் மிச்சம், மூவாயிரம் ரூபாய்தான் ஆகும் என்றார். கணக்கு சரிதான். மூவாயிரத்துக்குப் பின்னால் 'தான்' போட அவருக்கு எப்படி மனம் வந்தது என்பதுதான் புரியவில்லை.

ஃபேனுக்கு என்ன நோய் என்று எனக்கே தெரியும். சுவிட்சை அணைத்துவிட்டுக் கையால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஆகவே பேரிங்கில் குறையில்லை. மற்ற அறை ஃபேன்கள் நன்றாக ஓடின. ஆகவே வோல்டேஜும் பரவாயில்லை. முனகுகிறது, தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் கண்டன்சர் என்கிற கெப்பாசிட்டர்தான். நம் வீட்டுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் கரன்ட்டால் மோட்டாரைத் தானாகக் கிளப்ப முடியாது. உள்ளே இரண்டு சுருள் இருக்கும். ஒன்றுக்கு நேராகவும் இன்னொன்றுக்கு கண்டன்சர் வழியாகக் கொஞ்சம் முன்பின்னாகவும் கரன்ட் போனால்தான் சுற்ற ஆரம்பிக்கும். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து கண்டன்சர் வலுவிழந்தால், ஃபேன் முதலில் வேகம் குறையும், அப்புறம் குச்சி கேட்கும்.

"எல்லாம் தெரியுது. போன மாசம் வாஷ்பேசினும் தெரிஞ்சுதானே செஞ்சீங்க?" என்றாள் மனைவி.

அது ஒரு தனிக்கதை. அடைத்துக்கொண்ட வாஷ்பேசினில் சமையல் சோடாவைக் கொட்டி வினிகரை ஊற்றினேன். பொங்கிய நுரையைப் பார்த்துக் குடும்பமே கை தட்டியது. தண்ணீர் மட்டும் இறங்கவில்லை. ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத்தண்ணீர்தான் என்று அப்புறம்தான் உறைத்தது. உள்ளே இருந்தது முடிக்கற்றை. ஒரு பழைய கம்பியை வளைத்துக் கொக்கி போட்டு இழுத்ததும் வந்துவிட்டது. வினிகர் 45 ரூபாய், கம்பி இலவசம்.

சரி, ஃபேனுக்கு வருவோம். எலக்ட்ரிக்கல் கடையில் அளவோடு சேர்த்துக் கெத்தாக, "2.5 எம்.எஃப்.டி. கண்டன்சர் ஒண்ணு" என்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார். அதைக் கெடுத்துக்கொள்ளாமல் வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"இதுல எது பிளஸ், எது மைனஸ்?"

"இதுக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது சார். எப்படி வேணா மாட்டலாம்."

அந்த 'எப்படி வேணா' என் காதில் தேனாகப் பாய்ந்தது. 60 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

பக்கத்து வீட்டு ஏணி வந்தது. மெயினை அணைத்து, அதன் பக்கத்தில் மனைவியைக் காவல் நிறுத்தினேன். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறுகிற ஆள் நான் இல்லை. ஒயரிங் செய்தவர் சுவிட்சை, கரன்ட் வரும் ஃபேஸ் ஒயரில் கொடுக்காமல், திரும்பிப் போகும் நியூட்ரலில் கொடுத்திருந்தால் மேலே கரன்ட் அப்படியேதான் இருக்கும். டெஸ்டரை மெயினை அணைக்கும் முன்பே ஒரு பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். பயம் விஷயத்தில் நான் சிக்கனம் பார்ப்பதில்லை.

ஏறியதுதான் ஏறினோம், இறக்கையையும் துடைத்துவிடலாம் என்று ஒரு தலையணை உறை கேட்டேன். இது நிஜமாகவே நல்ல வழி. உறையை இறக்கைக்கு மாட்டி, இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து வெளியே இழுத்தால் தூசி முழுவதும் உறைக்குள்ளேயே விழும். சோபாவில் ஒரு துளி விழாது. மூன்று இறக்கையும் பளபளத்தன. பிறகுதான் தெரிந்தது, மகன் எடுத்துக் கொடுத்தது மாமனாருக்காக வாங்கி வைத்த புது உறை.

மேல் கப்பை இறக்கிப் பார்த்தால் பல்லி முட்டை ஓடும் தூசியும். ஒயர்களின் நிறமெல்லாம் ஒரே காப்பிப்பொடி நிறம். கழற்றும் முன் ஃபோட்டோ எடுக்க வேண்டும் என்று தெரியும், எடுத்தேன். அதில் என் கட்டைவிரல் மிகத் தெளிவாக விழுந்திருந்தது. அதனாலென்ன, எப்படி வேண்டுமானாலும் மாட்டலாமே! மாட்டினேன், முறுக்கினேன், இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று சுற்றினேன்.

மெயினைப் போட்டு, சுவிட்சைத் தட்டினேன். குச்சி இல்லாமல் ஃபேன் கிளம்பியது! சில நொடிகளில் இறக்கையே கண்ணுக்குத் தெரியாத வேகம். மனைவி முகத்தில், கல்யாணமான புதிதில் பார்த்த அந்த மரியாதை. ஏணியிலிருந்து இறங்கிய சூட்டில் எனக்கு வியர்வை கொட்டியது. அது உழைத்த வியர்வை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாமனார் வந்து நேராக ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். "மாப்ளை கையாலயே ரிப்பேர் பண்ணாராம்ப்பா" என்று என் மனைவி சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்து, "அடேயப்பா, நல்ல ஸ்பீடு மாப்ளே" என்றார். ஐந்து நிமிஷம் கழித்துச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். பத்தாவது நிமிஷம் நாளிதழை மடித்து விசிற ஆரம்பித்தார். நான் பார்த்ததும் அதைச் சட்டென்று பிரித்துப் படிப்பது போலப் பிடித்துக்கொண்டார். ஆள் அவ்வளவு நாசூக்கு.

"திருச்சியில வெக்கை ஜாஸ்திதான் மாமா" என்றேன்.

"ஆமா மாப்ளே, காத்தே இல்ல. ஃபேன் பாவம், அது என்ன பண்ணும்!"

மாலையில் மகன் தரையில் மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, அன்னிக்கு நான் தப்பாத் தள்ளினேன்ல? அதே மாதிரிதான் சுத்துது."

ஹாலில் அமைதி. நான் மெதுவாகப் படுக்கையறைக்குப் போய் அங்கே ஓடிய ஃபேனை நிமிர்ந்து பார்த்தேன். கீழிருந்து பார்க்கையில் அது இடஞ்சுழியாகச் சுற்றியது. ஹாலுக்கு வந்து பார்த்தேன். இது வலஞ்சுழி. ஒரு நாள் முழுக்க எங்கள் வீட்டுச் சீலிங்குக்குக் குளுகுளுவென்று காற்று போயிருக்கிறது.

கடைக்காரர் சொன்னதில் பொய்யில்லை. கண்டன்சரை எப்படித் திருப்பி மாட்டினாலும் ஒன்றுதான். ஆனால் அதன் இரண்டு முனையில் எந்த முனையோடு ஃபேஸ் ஒயர் சேர வேண்டும் என்பதில் இஷ்டம் கிடையாது. அது மாறினால் சுற்றும் திசையே மாறிவிடும். நான் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுபடி ஏறலாம் என்றால் ஏணியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. மனைவி எலக்ட்ரீஷியனுக்கு ஃபோன் செய்தாள். அவர் வந்து, ஏறி, டேப்பைப் பிரித்தார், பிரித்துக்கொண்டே இருந்தார். ஒரு ஒயரை எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றினார். ஐந்து நிமிஷ வேலை. ஃபேன் சுற்றியதும் நாளிதழ் பறந்து சமையலறை வாசலில் விழுந்தது.

"யாரும்மா இதைப் பாத்தது?" என்றார் இறங்கிக்கொண்டே.

நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். மனைவி கொஞ்சமும் தயங்காமல், "யாரோ ஒரு ஆளுண்ணே. இந்தப் பக்கமா வந்தாரு" என்றாள்.

"அந்த ஆளை இனிமே உள்ள விடாதீங்கம்மா. தொழில் தெரியாதவன்."

"ஆமாண்ணே, நானும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

250 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். நாற்காலியில் கண்ணை மூடிக் காற்று வாங்கிக்கொண்டிருந்த மாமனார் மெல்ல வாயைத் திறந்தார்.

"அப்படிச் சொல்லாதப்பா. றெக்கையை நல்லாத் தொடச்சிருக்காரு அந்த ஆளு."