120 பேர் வகுப்பில் காட்சித் தொடர்பியல் செய்முறை

ஸ்டூடியோவில் 20 பேருக்கு நடத்தும் காட்சித் தொடர்பியல் (படம், எழுத்து, வடிவத்தால் செய்தி சொல்வது) பாடத்தை 120 பேர் உட்காரும் மண்டபத்துக்குக் கொண்டுபோனால் முதலில் இடிப்பது நேரம்தான். ஆளுக்கு 3 நிமிடம் கருத்துச் சொன்னாலே 6 மணி நேரம். அதனால்தான் பலரும் செய்முறையைத் தூக்கிவிட்டு ஸ்லைடு ஓட்டுகிறார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் செய்முறையை வைத்துக்கொண்டு தாளின் அளவைக் குறைத்தோம்: எல்லாமே ஏ6, அதாவது ஏ4-இல் கால்வாசி.

முதல் பயிற்சி, 4 கறுப்புச் சதுரங்களால் 'நெரிசல்', 'தனிமை' காட்டுவது. 3 செ.மீ. சதுரமாக வெட்டினால் ஓர் ஏ4 தாளில் 63 கிடைக்கும். 120 பேருக்கு 8 தாள் போதும், 10 வெட்டிவைப்பது நல்லது. வரிசைக்கு ஓர் உறை. மாணவர் கையில் கத்தரிக்கோல் கொடுத்தால் பாதி வகுப்பு வெட்டுவதிலேயே போய்விடும். கோந்து வேண்டாம், சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள சாதாரணத் தாள் சுருண்டுகொள்ளும். குச்சிப் பசைதான் சரி. ஒட்டி முடியும்வரை விசிறியை நிறுத்த வேண்டும். வேர்க்கத்தான் செய்யும்.

அடுத்தது, செம்பனை (எண்ணெய்ப் பனை) லோரி வெளியேறும் தோட்ட முனைக்கு மலாயிலும் தமிழிலும் எச்சரிக்கைப் பலகை. 2.5 செ.மீ. எழுத்து சுமார் 3 மீட்டர்வரை வசதியாகத் தெரியும் என்பது பொதுக் கணக்கு. 7.5 செ.மீ. எழுத்துக்கு 9 மீட்டர். 40 கி.மீ. வேகத்தில் வரும் மோட்டார்சைக்கிள் அதை ஒரு விநாடிக்குள் கடந்துவிடும். ஆகவே 15 செ.மீ.யாவது வேண்டும், சொல்லும் மூன்றைத் தாண்டக் கூடாது. ஏ6-இல் 1 செ.மீ. எழுத்தை 1.2 மீட்டரில் பார்ப்பதும் அதே விகிதம்தான். முன்வரிசைக்காரர் திரும்பித் தூக்கிக் காட்டினால் சோதனை முடிந்தது. பெரிய வகுப்பில் கிடைக்கும் ஒரே சௌகரியம் இது!

இங்கே வழக்கமாகச் சறுக்குவது வரி இடைவெளி. மலாய்க்குப் போதுமானது தமிழுக்குப் போதாது. மேல்வரி 'ழு'வின் அடி கீழ்வரி 'கீ'யின் தலையில் மோதும். எழுத்தளவில் ஒன்றரை மடங்கு விடச் சொல்லுங்கள்.

கருத்துச் சொல்வது நால்வர் குழுவுக்குள். 'அழகாக இருக்கு' செல்லாது; முதலில் கண்ணில் பட்டது எது, படிக்க முடியாதது எது, இரண்டே கேள்வி. விரிவுரையாளர் சுற்றிவந்து மூன்றை மட்டும் எடுத்து, ஸ்டாண்டில் கவிழ்த்த கைப்பேசி வழியாகத் திரையில் காட்டலாம். ஆகச் சிறந்ததை எடுக்காதீர்கள், பேச ஒன்றுமிருக்காது. அரைகுறையாக நிற்பதே பாடம் நடத்தத் தோது. மழை தகரத்தில் இறங்கினால் மைக்கும் எடுபடாது. கேள்விகளைக் கரும்பலகையில் முன்பே எழுதிவிடுங்கள்.

பெயரும் வரிசை எண்ணும் தாளின் பின்புறம், ஒட்டுவதற்கு முன்பே. பிறகு எழுதினால் பேனா அழுத்தத்தில் சதுரம் பெயர்ந்துவிடும்.