தஞ்சாவூர் மேல வீதிக்கு மாலை அனுப்பிய கதை

தை மாதத்தில் அத்தைக்கும் மாமாவுக்கும் ஐம்பதாவது திருமண நாள். அவர்கள் தஞ்சாவூர் மேல வீதிப் பக்கம், நான் பெங்களூரு. லீவு கிடைக்கவில்லை. காலையில் அவர்கள் கோயிலுக்குக் கிளம்பும் முன் பூவாவது போய்ச் சேரட்டும் என்று ஓர் இணையக் கடையில் பணம் கட்டினேன். ரோஜா பொக்கே, கேக், வேண்டுமானால் நள்ளிரவு டெலிவரி. மாமா ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார்; நடு ராத்திரியில் கதவைத் தட்டினால் பொக்கே கொண்டுவருபவர் பாடு திண்டாட்டம்தான். நான் கேட்டது காலை நேரம். இரண்டு நாள் இருக்கும்போது அழைத்து, "மதியம் தரலாமா சார்?" என்றார்கள். இப்படிப்பட்ட பல தளங்களிடம் சொந்தமாகப் பூ இருக்காது. ஆர்டரை உள்ளூர்க் கடைக்குக் கைமாற்றிவிடுவார்கள். அந்தக் கடை திறக்கும் நேரம்தான் நமக்கும் நேரம். ரத்து செய்துவிட்டேன்.

அப்புறம் அத்தையின் எதிர்வீட்டில் கேட்டு, பூக்காரத் தெருவில் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவின் நம்பர் வாங்கினேன். இரண்டு மாலையும் நாலு முழம் மல்லிகையும் வேண்டும் என்றேன்.

"பனிக்காலம் தம்பி, மல்லி வரத்தே இல்ல. வர்றதும் முகூர்த்தத்துக்குப் போயிடும். கதம்பம் கட்டித் தரவா?"

கனகாம்பரம், மரிக்கொழுந்து, மரு, செவ்வந்தி எல்லாம் சேர்த்துக் கட்டுவது தஞ்சாவூர்க் கதம்பம். மல்லிகையைவிட அத்தைக்கு இதுதான் பிடிக்கும் என்பது எனக்குத் தோன்றாமல் போனது வேறு விஷயம். சரி என்றேன். பாதிப் பணம் ஜிபேயில் அனுப்பினேன், மீதிப் பணம், மாலையின் படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்தபின். முகவரியை அவர் முழுதாகக் கேட்கவே இல்லை. "மூலை அனுமார் கோயில்லேர்ந்து எந்தப் பக்கம்?" அவ்வளவுதான்.

பரிசுக்குத் தலையாட்டி பொம்மை. 2008-09இல் புவிசார் குறியீடு பெற்றது. நடன மங்கை பொம்மை பார்க்க அழகு. ஆனால் தலை, உடல், பாவாடை எல்லாம் தனித்தனியாக வரும், கம்பி முனையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். எழுபது தாண்டியவர்களை அந்த வேலையில் இறக்க வேண்டாம் என்று ராஜா ராணி ஜோடியைச் சொன்னேன். அடிப்பாகம் கனமான உருண்டை என்பதால் தட்டினாலும் சாயாமல் நிமிர்ந்துவிடும். கைவினைக் கடைக்காரர் வைக்கோல் வைத்துக் கட்டி, முந்தைய நாள் சாயங்காலமே தெரிந்த ஆட்டோவில் ஏற்றிவிட்டார். ஆட்டோ கூலி தனி.

கேக்குக்குப் பதில் திருவையாறு அசோகா அல்வா. சுமார் 13 கிலோமீட்டர்தான், ஆனால் வாங்கி வருகிறேன் என்ற சித்தப்பா பையன் சாயங்காலம்தான் வந்தான். பூமாலை காலை ஏழரைக்கே கழுத்தில் ஏறிவிட்டது, படமும் வந்தது. மாமாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அசோகா வந்த சேதியையே அத்தை அவரிடம் சொல்லவில்லையாம்.