பெத்லகேம் தொழுவத்தில் அம்மாவின் நேர்ச்சை

என் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். அவன் இன்குபேட்டரில் கிடந்தபோது அம்மா குழந்தை இயேசுவுக்கு நேர்ந்துகொண்டாள்: "பிள்ளையைக் கொடுத்துரு சாமி, அவனை நீ பொறந்த எடத்துக்கே கூட்டிட்டு வாறேன்." பனிமய மாதாவுக்கோ வேளாங்கண்ணிக்கோ நேர்ந்திருந்தால் அடுத்த மாதமே முடித்திருப்போம். பெத்லகேம் என்றால் காசு சேர வேண்டுமே! 2023 தவக்காலத்தில்தான் ஆண்டவர் வழி திறந்தார்.

எருசலேமிலிருந்து பெத்லகேம் பத்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம். பஸ்ஸில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே போனோம். ஜெபமாலையின் மூன்றாவது பத்து மணி (பத்து ஜெபம் கொண்ட ஒரு பகுதி) முடிவதற்குள், இஸ்ரேலையும் பாலஸ்தீன மேற்குக் கரையையும் பிரிக்கும் அந்தச் சுவர் வந்துவிட்டது. எட்டு மீட்டர் உயரக் கான்கிரீட், நடுநடுவே காவல் கோபுரம். இஸ்ரேல் 2002இல் கட்டத் தொடங்கியது. பாலஸ்தீன மண்ணுக்குள் இது போவது சட்டத்துக்கு விரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் 2004இலேயே கருத்துச் சொல்லிவிட்டது. அதன் பிறகும் சுவர் நிற்கிறது, உலகம் தன் வேலையைப் பார்க்கிறது. 2014இல் போப் பிரான்சிஸ் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, இந்தச் சுவரில்தான் நெற்றியை வைத்து ஜெபித்தார். பைபிளில் வரும் ராகேல் அம்மாளின் கல்லறையையும் இதே சுவர் பெத்லகேமிலிருந்து பிரித்து அந்தப் பக்கம் வைத்துவிட்டது. தன் பிள்ளைகளை இழந்து ஆறுதல் பெற மறுத்த அந்த ராகேல்! எங்கள் பஸ்ஸில் பாதிப் பேர் போனில் படம் பிடித்தார்கள். டூர் நடத்துகிறவர், "இதெல்லாம் அரசியல், நமக்கு வேண்டாம்" என்று அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பாட வாய் வரவில்லை.

அவர் மேல் இன்னொரு வருத்தமும் உண்டு. தொழுவத்துக்கு இருபது நிமிடம், ஒலிவ மரச் சாமான் கடைக்கு ஒரு மணி நேரம்! தனக்குக் கமிஷன் வரும் கடையைத் தவிர வேறு எங்கும் இறங்க விடவில்லை. அதே தெருவில் சின்னச் சின்னக் கடைகளில், தலைமுறை தலைமுறையாகச் செபமாலையும் குடிலும் செதுக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சதுக்கத்தில் இறங்கியதும் பத்துப் பேர் செபமாலையோடு சூழ்ந்துகொண்டார்கள், ஒரு பையன் கோவில் வாசல் வரை விடவே இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போக விடியற்காலை மூன்று மணியிலிருந்து செக்போஸ்ட்டில் வரிசை நிற்க வேண்டியிருந்த ஊரில், அவன் வேறு என்ன விற்பான்?

பெத்லகேமுக்குள் எங்களோடு வந்த வழிகாட்டி உள்ளூர்க்காரர், இடையர்களுக்கு வானதூதர் காட்சி தந்த பெய்த் சாகூர் ஊரைச் சேர்ந்த கிறிஸ்தவர். அவர் சொன்னதை எங்கள் சாமியார் தமிழில் சொன்னார்: "நீங்கள் இவ்வளவு கடல் தாண்டி வந்து எருசலேமில் இயேசுவின் கல்லறைக் கோவிலைத் தரிசித்துவிட்டீர்கள். என் அம்மா இங்கேயே பிறந்தவர். ஈஸ்டருக்கு எருசலேம் போக அனுமதிச் சீட்டு வருமா என்று காத்திருக்கிறார்." அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே ஏதோ சொன்னாள். அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இயேசு பிறந்த குகைமேல் நிற்கும் கோவிலின் வாசல் நாலடி உயரம்தான், யாராக இருந்தாலும் குனிந்துதான் போக வேண்டும். உள்ளே நெருக்கடி சொல்லி மாளாது. நாலைந்து நாட்டுக் கூட்டம், முட்டல், மோதல். குகைக்கு இறங்கும் படிகள் காலடிகளால் தேய்ந்து வழுக்குகின்றன. விளக்குகள் தொங்க, தரையில் அவர் பிறந்த இடத்தைக் காட்டும் பதினான்கு முனை வெள்ளி நட்சத்திரம்.

அம்மாவுக்கு முழங்கால் மடக்கவே முடியாது. அன்று மடங்கியது. பேரனைப் பக்கத்தில் இழுத்து, அவன் கையை எடுத்து நட்சத்திரத்தின் நடுவில் இருக்கும் குழிக்குள் வைத்தாள். அதன்மேல் தன் கை. "இந்தா சாமி, உன் பிள்ளை" என்றாள். அவ்வளவுதான், பேச்சு நின்றுபோய் ஓவென்று அழுதாள். பின்னால் அவசரப்படுத்தினார்கள். அவளால் எழுந்திருக்க முடியவில்லை. யாரோ ஒரு ஆப்பிரிக்கச் சகோதரி வந்து அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டுத் தானும் அழுதார். என்ன கேட்டேன், என்ன ஜெபித்தேன் என்று எனக்கு ஒன்றும் நினைவில்லை. நன்றி, நன்றி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் கத்தரீனம்மாள் கோவிலுக்குக் கீழே, குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடி ஏரோது மன்னன் கொன்ற மாசற்ற குழந்தைகளுக்கு ஒரு குகைச் சிற்றாலயம் இருக்கிறது. அங்கே கூட்டமே இல்லை.

அந்த வருடம் அக்டோபரில் காசாவில் போர். நவம்பரில் அல் ஷிஃபா மருத்துவமனையில் டீசல் தீர்ந்து மின்சாரம் போக, குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்து ஒரே கட்டிலில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். அந்தப் படத்தை அம்மா பார்த்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. சில குழந்தைகள் இறந்தன. 31 பேரைக் காசாவின் தெற்கே ரஃபா நகருக்குக் கொண்டுபோய், மறுநாள் 28 பேரை எகிப்துக்கு அனுப்பினார்கள். அந்தக் கிறிஸ்மசுக்குப் பெத்லகேம் சதுக்கத்தில் மரமும் இல்லை, விளக்கும் இல்லை. லூத்தரன் ஆலயத்தில் இடிபாட்டுக் கற்களுக்கு நடுவே பாலனைக் கிடத்திக் குடில் வைத்தார்கள். காசாவின் திருக்குடும்ப ஆலயத்துக்கு ஏறக்குறைய தினமும் மாலையில் போன் செய்து விசாரித்த போப் பிரான்சிஸ், தான் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு வரை அழைத்தார். அதே ஆலயத்தில் 2025 ஜூலையில் குண்டு விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். காசாவில் செத்தவர்கள் 60,000க்கும் மேல். ஐ.நா.வில் போரை நிறுத்தச் சொல்லும் தீர்மானங்களை அமெரிக்கா பலமுறை வீட்டோ செய்தது. மற்ற நாடுகள் பலவும் கண்டனம் தெரிவித்துவிட்டு வியாபாரத்தைத் தொடர்ந்தன.

எங்கள் ஜெபக் குழுவில் அம்மா காசாவுக்காக ஒரு பத்து மணி சொல்லச் சொன்னபோது, ஒருவர் அரசியல் எதற்கு என்றார். "எம் பேரன் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்தப்ப ஊரே முழந்தாள் போட்டுச்சு. அந்தப் பிள்ளைகளுக்குப் போட்டா என்ன?" என்றாள். இப்போது தினமும் சொல்கிறோம். டிசம்பர் 28, மாசற்ற குழந்தைகள் விழாவன்று எங்கள் பங்கில் காசாப் பிள்ளைகள் பெயரில் பூசையும் கேட்டு வைக்கிறோம்.

அங்கே போகிறவர்கள் ஓர் இரவாவது பெத்லகேமில் தங்குங்கள். டூர்க்காரரிடம் முன்கூட்டியே சண்டை போட்டாவது நேரம் வாங்குங்கள். மாசற்ற குழந்தைகளின் குகைக்குக் கட்டாயம் இறங்குங்கள்.

குழந்தை இயேசுவே, என் பிள்ளைக்கு மூச்சுக் கொடுத்தீரே, உமக்குக் கோடானுகோடி தோத்திரம். எகிப்துக்குப் போன அந்தக் குழந்தைகளை, நீர் எகிப்திலிருந்து திரும்பியது போல, அவரவர் தாய்மாரிடம் கொண்டுவந்து சேரும்.