இருபது காசு

ஜனவரி 4
ஒரு பழைய காசு வாங்க 3,500 ரூபாய். அதற்கு மேல் போகக் கூடாது. அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு வைத்திருப்பதில் கை வைக்கவே கூடாது.

ஜனவரி 7
எழும்பூர்க் கண்காட்சியில் 1803-ஆம் வருஷத்து இருபது காசு ஒன்று, கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸுக்காக அடித்த செப்பு நாணயம். சிங்கத்தின் பிடரி மயிர்கூட எண்ணலாம் போல இருந்தது. விலை 2,800. வாங்கியிருப்பேன். ஆனால் அந்த நிறம்! புளி போட்டுத் தேய்த்த செப்புக் குடம் மாதிரி ஒரு ரோஸ். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பழைய கறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்கடியில் சாய்த்தால் முடி முடியாகக் கீறல்கள், எல்லாம் ஒரே பக்கமாக. “பளபளன்னு இருக்கு பாருங்க சார்” என்றார் வியாபாரி. இத்தனை வருஷத்துச் செம்பு எப்படிப் பளபளக்கும்? யாரோ தேய்த்துக் கெடுத்திருக்கிறார்கள். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 8
ராத்திரி முழுக்க அந்தச் சிங்கம்.

ஜனவரி 11
எல்லாரும் 1808 வாங்கு என்கிறார்கள். மலிவு, நிறையக் கிடைக்கிறது. அதற்குக் காரணம் ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல். பர்மிங்காம் சோஹோ ஆலையில் அடித்த காசுகளோடு மெட்ராஸுக்குக் கிளம்பி, 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில்தான் காசுகளை வெளியே எடுத்தார்கள். அந்தக் காசுகள் ஊர் வந்தே சேரவில்லை, ஒரு கடையிலும் புழங்கவில்லை. எனக்கு வேண்டியது யாரோ வெற்றிலைக்கோ உப்புக்கோ நீட்டிய காசு. சிங்கத்தின் தொடையில், கேடயத்தின் மேட்டில் லேசாகத் தேய்ந்திருந்தால் போதும்.

ஜனவரி 12
அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. ஆபரேஷன் தேதியைத் தள்ளிவிட்டார்கள்.

ஜனவரி 15
பொங்கல். அம்மா தடவித் தடவிச் செப்புச் சொம்பைப் புளியால் தேய்த்தாள். என்னால் பார்க்க முடியவில்லை, எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஜனவரி 18
கும்பகோணத்திலிருந்து ஒரு 1803. ஃபிளாஷ் வேண்டாம், வெயிலில் சாய்த்து எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டேன். நாலு படம் அனுப்பினார். நல்ல சாக்லேட் நிறம், மேடுகளில் மட்டும் கொஞ்சம் வெளிர். ஓரத்தில் ஒரு சின்ன அடி, அதனால் 2,400. ஓரத்து அடி போகட்டும். முகத்தில் யாரும் கை வைக்கவில்லை. பணம் அனுப்பியாயிற்று.

ஜனவரி 20
வரவில்லை.

ஜனவரி 21
வரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை 140. சரி என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை.

ஜனவரி 23
வந்துவிட்டது!

வந்த பிளாஸ்டிக் உறை பிசுபிசுத்தது. அதிலேயே விட்டால் பச்சை பிடித்துவிடும், உடனே மாற்றினேன். பின்பக்கம் பாரசீக எழுத்து: பீஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த். இருபது காசு நாலு ஃபலூஸ். நம்முடைய ‘காசு’ அந்த வளைவுகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொற்காசு. அப்படியானால் இது மாதிரி 168 சேர்ந்தால் ஒரு வராகன். இதை எண்ணிக் கொடுத்தவர் எப்படிப்பட்டவரோ.

ஜனவரி 24
அம்மாவின் விரலைப் பிடித்து ஓரத்தில் வைத்தேன். முகத்தைத் தொடக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. மெதுவாக உள்ளே வந்து சிங்கத்தின் மேல் நின்றாள். “நாய் மாதிரி இருக்குடா.” சிங்கம் என்றேன். “நாளைக்கு அப்புறம் பார்த்துச் சொல்றேன்.”

ஜனவரி 25
ஐந்தரைக்கு ஆட்டோ. காசையும் எடுத்து வரச் சொல்கிறாள்.