டீசல் கழித்த பிறகுதான் பங்கு

புகையில் வெளியேறும் கார்பனுக்கு அரசு வரியாக ஒரு விலை வைத்தால் நாட்டின் பொருளாதாரம் எப்படி அசையும் என்று கணக்குப் போடுகிறவர்கள் நிலக்கரியில்தான் தொடங்குவார்கள். பெரிய தொகை அங்கேதான் இருந்தது: 2010-இல் டன் நிலக்கரிக்கு 50 ரூபாயாக இருந்த செஸ் (கூடுதல் வரி) 2016-இல் 400 ஆனது. ஆனால் இதற்குப் போடும் கணித மாதிரி (model) எங்கே சறுக்கும் என்று பார்க்க கன்னியாகுமரி மாவட்டத்தின் தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகமே போதும்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். கார்பன் டை ஆக்சைடு டன்னுக்கு 1,000 ரூபாய் என்றால் லிட்டருக்கு 2.68 ரூபாய். ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகு 5,000 லிட்டர் நிரப்புகிறது என்று வைத்தால் 13,400 ரூபாய் கூடுதல். (விலை கார்பன் டன்னுக்கா, கார்பன் டை ஆக்சைடு டன்னுக்கா என்று முதலில் பாருங்கள். மாறினால் விடை 3.67 மடங்கு பிசகும். கைதேர்ந்தவர்களும் வழுக்கும் இடம்.)

ஒரு தொழிலின் செலவு இன்னொரு தொழிலின் விலைக்கு எப்படிக் கடக்கிறது என்று பார்க்கும் லியோன்டீஃப் விலைக் கணக்கு ஐஸ், வலை, லாரி வாடகை வழியாக வரும் மறைமுகச் செலவையும் சேர்த்துத் தரும். கூடவே, ஏறிய செலவு முழுக்க மீன் விலையில் ஏறிவிடும் என்றும் எடுத்துக்கொள்ளும். கரையில் விலை வைப்பது ஏலம். டீசல் என்ன விலை என்று கேட்டு யாரும் சூரை மீனுக்கு விலை கேட்பதில்லை.

அடுத்தது கூலி. எல்லாச் சந்தைகளையும் சேர்த்துப் பார்க்கும் பொதுச் சமநிலை மாதிரியில் கூலியைத் தொழிலாளர் சந்தை தீர்மானிக்கும். இங்கே விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மீதியைத்தான் பங்கு வைப்பார்கள். படகுக்குப் பாதி, பத்துத் தொழிலாளிகளுக்குப் பாதி என்றால் ஆளுக்கு 670 ரூபாய் அந்த ஒரே பயணத்தில் போகும். படகுக்காரர் மேல் விழுவதாக மாதிரி காட்டும் சுமையில் பாதி தொழிலாளி தலையில்.

ஆகவே சமூகக் கணக்கு அணியில் (யாரிடமிருந்து யாருக்குப் பணம் போகிறது என்று காட்டும் அட்டவணையில்) ஒரே வரிசையாகக் கிடக்கும் மீன்பிடியை விசைப்படகு, வள்ளம் என்று இரண்டாகப் பிரித்து, விசைப்படகில் கூலியை எரிபொருள் கழித்த மீதியின் பங்காக எழுத வேண்டும். அடிப்படை ஆண்டின், அதாவது மாதிரி தொடங்கும் ஆண்டின், டீசல் வரியையும் தனியாகப் பாருங்கள். தமிழ்நாட்டில் மீன்பிடிப் படகுகளுக்கு விற்பனை வரி விலக்கு உண்டு, சராசரி வரியைப் போட்டால் விலையேற்றச் சதவீதம் குறைவாகத் தெரியும்.

பிரித்ததும் வரிசைக் கூட்டலும் பத்திக் கூட்டலும் ஒத்துவராது. கூட்டல்கள் ஒத்துவரும் வரை கட்டங்களை மாற்றி மாற்றித் திருத்தும் ஆர்.ஏ.எஸ். முறையில் சமன்செய்யும்போது அது எல்லாக் கட்டங்களையும் விகிதப்படி இழுக்கும். நமக்கு நன்றாகத் தெரிந்த டீசல் கட்டத்தை முன்பே பூட்டி வையுங்கள்.

வரியாக வந்த பணத்தை அரசு குடும்பங்களுக்குக் கொடுக்கிறதா, வேறு வரியைக் குறைக்கிறதா, பற்றாக்குறையை அடைக்கிறதா என்பதும் விடையைப் புரட்டும். அதற்கு முன் கார்பன் விலையைப் பூஜ்ஜியமாக்கி ஓட்டுங்கள். அடிப்படை ஆண்டு அப்படியே திரும்பி வராவிட்டால், பிரித்த இடத்தைத்தான் முதலில் தோண்ட வேண்டும்.