பாடகர் காத்திருக்கும் இரண்டு நிமிடங்கள்

ஜாஸ் பாட்டு இசைத்தட்டுகளில் தலைசிறந்தவை எவை என்று யார் பட்டியல் போட்டாலும் பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், சாரா வான் ஆகிய மூவரும் முன்வரிசையில் இருப்பார்கள். அதில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. ஆனால் குரல்வளத்தை மட்டும் அளந்து வரிசைப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. வாத்தியக்காரர்கள் பாடுபவருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் தட்டைவிட, குரலும் வாத்தியங்களும் சரிசமமாக உட்கார்ந்து பேசிக்கொள்ளும் தட்டையே நான் உயர்வாகக் கருதுகிறேன். அப்படிப் பார்த்தால் என் முதலிடம், சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் பாடகர் ஜானி ஹார்ட்மனும் இணைந்து இம்பல்ஸ் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த தொகுப்புக்குத்தான்.

1963 மார்ச் 7 அன்று, நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் இருந்த ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அது பதிவானது. பியானோவில் மக்காய் டைனர், பாஸில் ஜிம்மி காரிசன், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ் என்று கோல்ட்ரேனின் புகழ்பெற்ற குழு முழுவதும் இருக்கிறது. இதே நால்வர் முந்தைய நாள் அதே கூடத்தில் வாசித்த வேறொரு பதிவு 2018இல்தான் வெளிவந்தது. அதன் ஆவேசத்தைக் கேட்டவர்களுக்கு, மறுநாளே இவர்களால் இவ்வளவு அடக்கமாக வாசிக்க முடிந்தது வியப்பாக இருக்கும். மொத்தம் ஆறே பாடல்கள், எல்லாமே மெதுநடைக் காதல் பாடல்கள், அரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம்.

‘மை ஒன் அண்ட் ஒன்லி லவ்’ பாடலைக் கவனித்துக் கேளுங்கள். மெட்டை முதலிலிருந்து கடைசி வரை கோல்ட்ரேன் சாக்ஸபோனில் ஏறக்குறைய அப்படியே வாசித்துவிடுகிறார். பாடகரோ இரண்டு நிமிடங்களுக்கு மேல் வாய் திறப்பதில்லை. அதற்குப் பிறகு தாழ்ந்த, கனத்த குரலில் ஹார்ட்மன் நுழையும்போது, சாக்ஸபோன் சொல்லி முடித்த அதே வாக்கியத்துக்கு இப்போதுதான் சொற்கள் கிடைத்ததுபோல் இருக்கிறது. அவர் வித்தை எதுவும் காட்டுவதில்லை. ஒவ்வொரு சொல்லையும் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் நிதானமாக வைத்துவிட்டு நகர்கிறார். பில்லி ஸ்ட்ரேஹார்ன் பதின்ம வயதிலேயே எழுதத் தொடங்கிய ‘லஷ் லைஃப்’ பாடலும் இதே தட்டில்தான் இருக்கிறது. மெட்டு வளைந்து வளைந்து போகும் அந்தக் கடினமான பாட்டை இத்தனை இயல்பாகப் பாடியவர் வேறு யாரும் இல்லை என்பது என் துணிபு.

இதற்கு மிக அருகில் வருவது சாரா வான் 1954இல் கிளிஃபோர்ட் பிரவுனுடன் செய்த தட்டு. ட்ரம்பெட்டில் பிரவுன் எடுத்துவிடும் துணுக்குகளும் சாராவின் குரலும் ஒரே பட்டறையில் செய்தவைபோல் ஒலிக்கின்றன. பிரவுன் 1956இல், 25 வயதில், கார் விபத்தில் இறந்துபோனார்.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் தட்டுகளில், புகழ்பெற்ற ‘சாங் புக்’ வரிசையைவிட, 1960 பிப்ரவரியில் பெர்லினில் மேடையில் பாடிப் பதிவானதையே தேர்ந்தெடுப்பேன். ‘மேக் த நைஃப்’ பாடலின் நடுவில் வரிகள் மறந்துபோக, அவர் நிறுத்தவே இல்லை. மறந்துவிட்ட செய்தியையே தாளம் பிசகாமல் அந்த மெட்டில் பாடி, லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரப்புக் குரலையும் நடித்துக் காட்டிக் கரையேறுகிறார்.

பில்லி ஹாலிடேயின் 1958ஆம் ஆண்டுத் தட்டான ‘லேடி இன் சாட்டின்’ குறித்து எனக்குத் தயக்கம் உண்டு. சிதைந்த குரலின் வலி உண்மையானதுதான். ஆனால் ரே எல்லிஸின் வயலின் படை அதன்மீது போர்வை போர்த்துகிறது, பதில் பேச ஆள் இல்லை. 1937இல் பில்லி பாடியபோது லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன் பின்னாலேயே வந்து ஒவ்வொரு வரிக்கும் மறுமொழி சொன்னது. அவையெல்லாம் பல பாடல்கள் அடங்கும் எல்பி தட்டு பிறப்பதற்கு முந்தைய மூன்று நிமிடத் தட்டுகள் என்பதால், சிறந்த ஆல்பங்களின் பட்டியல்களில் அவற்றுக்கு இடம் கிடைப்பது அரிது. பிற்காலத் தொகுப்புகளில்தான் தேடிக் கேட்க வேண்டும்.